லாகின் நிற்காத சர்வர்: ரிவர்ஸ் புராக்ஸியில் குக்கியைத் தடம் பிடிக்க ஒரு வழிகாட்டி

மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகம். காலை ஒன்பது மணிக்கு ஊழியர்கள் கணினியைத் திறந்து பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறார்கள். பக்கம் ஒரு கணம் வெள்ளையாகிறது, பிறகு அதே லாகின் பக்கம் மறுபடி வந்து நிற்கிறது. கடவுச்சொல் தவறு என்ற செய்தி எதுவும் இல்லை. முந்தைய நாள் மாலை வரை ஒழுங்காக ஓடிய செயலி அது. இரவில் நடந்த ஒரே மாற்றம், அதன் முன்னால் ஒரு ரிவர்ஸ் புராக்ஸியை (கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் இடைநிலைச் சர்வர்) நிறுத்தி, எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பைப் போட்டதுதான். அந்தச் செயலியிலிருந்து சீட்டு அச்சாகி வந்தால்தான் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரியின் ஓட்டுநருக்கு விவரம் போகும் என்பதால், தொலைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது.

ராயபுரத்துக்கும் பாரிமுனைக்கும் இடையே உள்ள சிறு அலுவலகங்களுக்குச் சர்வர் பராமரித்துக் கொடுக்கும் வேலையில் இந்தக் காட்சியைப் பல முறை பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட நேரத்தில் புதியவர்களின் கை நேராக அமைவுக் கோப்புக்குத்தான் போகிறது. இணையத்தில் கிடைத்த ஐந்தாறு வரிகளை ஒரே மூச்சில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் ஏதோ ஒன்று பலித்துவிட்டால் எது பலித்தது என்று தெரிவதில்லை, பலிக்காவிட்டால் பழைய கோளாறோடு புதிய கோளாறு மூன்று சேர்ந்துகொள்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: குக்கி எந்த இடத்தில் தொலைகிறது என்று கண்ணால் பார்க்கும் வரை எந்த வரியையும் மாற்றக் கூடாது. அதைப் பார்க்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

குக்கி என்ன வேலை செய்கிறது

எச்டிடிபி நெறிமுறைக்கு நினைவு கிடையாது. ஒருவர் லாகின் செய்துவிட்டு அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது, கேட்பவர் அவரேதான் என்று சர்வருக்குத் தானாகத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டூலி உருவாக்கியதுதான் குக்கி. இன்று பிரவுசர்கள் பின்பற்றும் விதிகளின் அடிப்படை 2011-இல் வெளியான ஆர்எஃப்சி 6265 என்ற ஆவணத்தில் இருக்கிறது. லாகின் வெற்றி பெற்றதும் சர்வர் தன் பதிலில் ‘செட்-குக்கி’ என்ற ஹெடரில் (பக்கத்தோடு சேர்ந்து போகும் தகவல் வரி) ஓர் அடையாள எண்ணை அனுப்புகிறது. பிரவுசர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த ஒவ்வொரு கோரிக்கையிலும் ‘குக்கி’ என்ற ஹெடரில் திருப்பிக் காட்டுகிறது. அந்த எண்ணுக்குரிய செஷன் (லாகின் செய்தவரின் அமர்வு) விவரத்தைச் சர்வர் தன்னிடம் தேடி எடுத்து, ஆளை அடையாளம் கொள்கிறது.

துறைமுகத்துக்குள் போகும் லாரியை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் அலுவலகம் சீட்டு எழுதித் தருகிறது. ஓட்டுநர் அதைப் பத்திரமாக வைத்திருந்து ஒவ்வொரு முறையும் காட்டுகிறார். ரிவர்ஸ் புராக்ஸி என்பது கேட்டில் நிற்கும் காவலர். ஓட்டுநர் உள் அலுவலகத்தை நேரில் பார்ப்பதே இல்லை. அவர் கொடுக்கும் தாள் எல்லாம் காவலர் கை வழியாகத்தான் உள்ளே போகிறது, உள்ளிருந்து வரும் தாளும் அதே கை வழியாகத்தான் வெளியே வருகிறது. லாரி எந்தக் கேட்டில் நிற்கிறது, எந்தப் பெயரைச் சொல்லி வந்தது என்பதைக் காவலர் உள்ளே எடுத்துச் சொல்லாவிட்டால், உள் அலுவலகம் தனக்குத் தெரிந்த ஊகத்தில் ஒரு சீட்டை எழுதும். அந்தச் சீட்டு கேட்டில் செல்லாது. நாம் பார்க்கப்போகும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

ஆக, ஒரு குக்கி ஆறு இடங்களைத் தாண்ட வேண்டும். செயலி அதைக் கொடுக்க வேண்டும். புராக்ஸி அதைச் சிதைக்காமல் வெளியே விட வேண்டும். பிரவுசர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த கோரிக்கையில் பிரவுசர் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். புராக்ஸி அதை உள்ளே கொண்டுபோக வேண்டும். கடைசியில் செயலி அதை அடையாளம் காண வேண்டும். ஆறில் எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால், திருத்தம் பெரும்பாலும் ஓரிரு வரிதான்.

முதல் படி: கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் பயன்படுத்துபவர்களிடம் பேசுங்கள். எல்லோருக்கும் இந்தச் சிக்கலா, சிலருக்கு மட்டுமா? எப்போதுமா, சில நேரத்திலா? முகவரிப் பட்டையில் என்ன தட்டச்சு செய்கிறார்கள்: பெயரா, ஐபி எண்ணா, முன்னால் ‘டபிள்யு டபிள்யு டபிள்யு’ உண்டா? எல்லோருக்கும் எப்போதும் என்றால் குக்கியின் பண்புகளில் (அது எங்கே, எப்படிச் செல்லும் என்று கூடவே எழுதப்படும் குறிப்புகள்) பிழை இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு முறை உள்ளே, மறுமுறை வெளியே என்றால் செயலியின் பல பிரதிகள் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தண்டையார்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் அம்மா ஒருவர் என்னிடம், “தம்பி, நான் அட்டெண்டன்ஸ் போட்டா கணக்கு என்னை வெளிய தள்ளிடுது” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதை நான் உரிய கவனத்தோடு கேட்காமல் இரண்டு நாள் புராக்ஸியின் கோப்பையே புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதிலேயே விடை இருந்தது. வருகைப் பதிவுச் செயலியும் கணக்குச் செயலியும் ஒரே ஐபி எண்ணில், 8080, 8081 என்ற இரு போர்ட்களில் (ஒரே கணினியில் செயலிகளைப் பிரித்தறியும் வாசல் எண்கள்) ஓடின. இரண்டும் தங்கள் செஷன் குக்கிக்கு ஒரே பெயரை வைத்திருந்தன. குக்கிக்குப் போர்ட் எண் வேறுபாடு தெரியாது; முகவரி ஒன்றாக இருந்தால் போர்ட் வேறாக இருந்தாலும் பிரவுசர் அவற்றை ஒரே இடத்தின் குக்கியாகத்தான் வைத்துக்கொள்ளும். ஆகவே பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்தது. ஒரு செயலியின் குக்கிப் பெயரை மாற்றியதும் தீர்ந்தது. அன்றிலிருந்து பயன்படுத்துபவர் சொல்லும் வாக்கியத்தை அவர் சொன்னபடியே ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறேன்.

இரண்டாம் படி: பிரவுசரில் பாருங்கள்

குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் எஃப்12 விசையை அழுத்தி ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறக்கவும். ‘பிரிசர்வ் லாக்’ என்ற பெட்டியைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள் (ஃபயர்ஃபாக்ஸில் இது ‘பெர்சிஸ்ட் லாக்ஸ்’). இல்லாவிட்டால் பக்கம் மாறியவுடன் நமக்கு வேண்டிய வரி மறைந்துவிடும். மறைநிலைச் சாளரம் ஒன்றில் இதைச் செய்வது நல்லது, ஏனெனில் பழைய குக்கிகள் அங்கே இடையூறு செய்யாது.

இப்போது லாகின் செய்து, லாகின் கோரிக்கைக்கு வந்த பதிலைத் திறந்து ஹெடர்களைப் படிக்கவும். பதில் எண் பெரும்பாலும் 302 (வேறு பக்கத்துக்குப் போ என்று பொருள்) ஆக இருக்கும். அதில் ‘செட்-குக்கி’ வரி இல்லையென்றால் சிக்கல் முதல் இரண்டு இடங்களில், அதாவது செயலியிலோ புராக்ஸியிலோ இருக்கிறது. வரி இருக்கிறது, ஆனால் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரிகிறது என்றால், பிரவுசர் அதை ஏற்க மறுத்துவிட்டது; குரோமில் அந்த முக்கோணத்தின் மேல் சுட்டியை வைத்தால் மறுத்ததற்கான காரணமே எழுதியிருக்கும். இந்த ஒரு வசதியைத் தெரியாமல் நாள் முழுவதும் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குக்கி ஏற்கப்பட்டதா என்பதைக் குரோமில் ‘அப்ளிகேஷன்’ பகுதியிலும், ஃபயர்ஃபாக்ஸில் ‘ஸ்டோரேஜ்’ பகுதியிலும் பார்க்கலாம். அடுத்து, லாகினுக்குப் பின் வரும் கோரிக்கையைத் திறந்து, பிரவுசர் அனுப்பிய ஹெடர்களில் ‘குக்கி’ இருக்கிறதா என்று பாருங்கள். சேமிப்பில் இருந்தும் அனுப்பப்படவில்லை என்றால் அது நான்காம் இடம். அனுப்பியும் லாகின் பக்கமே வருகிறது என்றால் ஐந்தாம், ஆறாம் இடங்கள். ஐந்து நிமிடத்தில் ஆறு இடங்கள் இரண்டாகச் சுருங்கிவிட்டன.

மூன்றாம் படி: காவலரைத் தாண்டி உள்ளே கேளுங்கள்

‘செட்-குக்கி’ வரவில்லையென்றால் சர்வருக்குள் நுழைந்து, புராக்ஸியைத் தொடாமல் செயலியை நேரடியாகக் கேட்க வேண்டும். இதற்குக் ‘கர்ல்’ என்ற கருவி போதும். செயலி அதே சர்வரைக் குறிக்கும் 127.0.0.1 முகவரியில் 8080 போர்ட்டில் ஓடுகிறது என்று கொள்வோம். சிறிய ‘வி’ விருப்பம் போனதையும் வந்ததையும் முழுவதும் காட்டும். சிறிய ‘சி’ விருப்பம் வரும் குக்கிகளை ஒரு கோப்பில் சேமிக்கும். சிறிய ‘பி’ விருப்பம் அந்தக் கோப்பிலிருந்து எடுத்து அனுப்பும். பல செயலிகள் லாகின் படிவத்துக்குள் ஒரு சிஎஸ்ஆர்எஃப் எண்ணை (வேறு தளம் போலியாகப் படிவம் அனுப்புவதைத் தடுப்பது) வைத்திருக்கும் என்பதால், முதலில் லாகின் பக்கத்தை வாங்கி, அந்த எண்ணை எடுத்துக்கொண்டு பிறகு படிவத்தை அனுப்ப வேண்டும்.

இதே கோரிக்கையை இரண்டு முறை அனுப்புங்கள்: ஒரு முறை வெறுமனே, மறுமுறை ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ: எச்டிடிபிஎஸ்’ என்ற ஹெடரைக் கையால் சேர்த்து. முதல் முறை குக்கி வராமல், இரண்டாம் முறை வந்தால் நோய் என்னவென்று உறுதியாகிவிட்டது: வெளியே எச்டிடிபிஎஸ் என்று செயலிக்கு யாரும் சொல்லவில்லை. இந்தச் சோதனையில் ஒரு வழுக்கல் உண்டு: ‘செக்யூர்’ குறி, அதாவது எச்டிடிபிஎஸ்-இல் மட்டும் போக வேண்டும் என்ற குறி, உள்ள குக்கியைக் கர்லின் சில பதிப்புகள் சாதாரண எச்டிடிபி வழியாகத் திருப்பி அனுப்பாது. அப்போது குக்கியை ஒரு ஹெடராகக் கையால் எழுதி அனுப்பிப் பாருங்கள்.

புராக்ஸிக்கும் செயலிக்கும் இடையே உண்மையில் என்ன போகிறது என்ற சந்தேகம் தீராவிட்டால், அந்தப் போர்ட்டில் ‘டிசிபிடம்ப்’ என்ற, வலைப் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் கருவியை ஓட்டி எழுத்து வடிவில் பார்க்கலாம். அந்த இடைவெளியில் பெரும்பாலும் மறையாக்கம் இருக்காது என்பதால் ஹெடர்கள் அப்படியே தெரியும். அதில் கடவுச்சொற்களும் தெரியும் என்பதை மறக்காதீர்கள். ஊழியர் ஒருவரின் உண்மையான கணக்கை வைத்து இதைச் செய்ய வேண்டாம். சோதனைக்கென்று ஒரு கணக்கை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

நெறிமுறை தெரியாத செயலி

மண்ணடி அலுவலகத்தில் நடந்தது இதுதான், புராக்ஸி வைத்த மறுநாள் வரும் புகார்களில் நான் அதிகம் கண்டதும் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிரவுசரிலிருந்து புராக்ஸி வரை எச்டிடிபிஎஸ். புராக்ஸியிலிருந்து செயலி வரை வெறும் எச்டிடிபி. செயலியின் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது பகுதி மட்டுமே. குக்கிக்குச் ‘செக்யூர்’ குறி போட வேண்டும் என்று அமைத்திருந்தால், சில செயலிகள் “இது பாதுகாப்பான இணைப்பில்லை” என்று முடிவு செய்து குக்கியைக் கொடுக்காமலே இருந்துவிடும். நோட்.ஜேஎஸ் செயலிகளில் செஷனைக் கவனிக்கும் எக்ஸ்பிரஸ்-செஷன் அப்படித்தான் நடந்துகொள்கிறது: பிழைச் செய்தி எதுவும் வராது, ‘செட்-குக்கி’ வரி மட்டும் இருக்காது. வேறு சில செயலிகள் எச்டிடிபிஎஸ்-க்கு மாறு என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். பிரவுசர் ஏற்கெனவே எச்டிடிபிஎஸ்-இல்தான் இருக்கிறது என்பதால் அது முடிவில்லாத சுற்றாகிவிடும்.

தீர்வுக்கு இரண்டு பக்கமும் கை கொடுக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் புராக்ஸியில் இந்த வரிகள் வேண்டும். கோப்பில் ஆங்கில எழுத்துகளிலேயே எழுத வேண்டும். இங்கே ஒலியைத் தருகிறேன்.

புராக்ஸி_செட்_ஹெடர் ஹோஸ்ட் $ஹோஸ்ட்;
புராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ $ஸ்கீம்;
புராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் $புராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார்;

செயலியின் பக்கம், இந்த ஹெடரை நம்பலாம் என்று சொல்லித்தர வேண்டும். எக்ஸ்பிரஸில் ‘டிரஸ்ட் புராக்ஸி’ என்ற அமைப்புக்கு 1 என்ற மதிப்பு, ஜாங்கோவில் ‘செக்யூர்_புராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெடர்’, ஃபிளாஸ்கில் வெர்க்சாய்க் தரும் ‘புராக்ஸிஃபிக்ஸ்’, லாராவெலில் ‘டிரஸ்ட்புராக்ஸிஸ்’, டாம்கேட்டில் ‘ரிமோட்ஐபிவால்வ்’. பெயர்கள் வேறு, வேலை ஒன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஹெடரை வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் போலியாக எழுதி அனுப்பலாம். ஆகவே புராக்ஸி அதைத் தானே புதிதாக எழுத வேண்டும், செயலி 127.0.0.1 முகவரியில் மட்டும் கோரிக்கைகளை ஏற்க வேண்டும், அலுவலக வலையமைப்பு முழுவதற்கும் 8080 போர்ட்டைத் திறந்து வைக்கக் கூடாது. ‘செக்யூர்’ குறியை எடுத்துவிட்டால் லாகின் உடனே ஓடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் எப்போதாவது ஒரு கோரிக்கை எச்டிடிபி வழியாகப் போனால் குக்கி மறையாக்கம் இல்லாமல் காற்றில் போகும், அதைப் பிடித்தவர் கடவுச்சொல் தெரியாமலே அந்த ஊழியராக உள்ளே நுழைந்துவிடுவார். எவ்வளவு அவசரமானாலும் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி என்ஜின்எக்ஸின் மரபுரிமை விதி. மேலே உள்ள மூன்று வரிகளையும் ‘சர்வர்’ தொகுதியில் எழுதிவிட்டு, பிறகு வெப்சாக்கெட் எனும் தொடர் இணைப்புக்காக ஒரு ‘லொகேஷன்’ தொகுதிக்குள் (ஒரு பாதைக்கான அமைவுப் பகுதி) ஒரே ஒரு ‘புராக்ஸி_செட்_ஹெடர்’ வரியைச் சேர்த்தால், அந்த லொகேஷனுக்கு மேலே எழுதிய மூன்றும் செல்லாமல் போய்விடும். உள்ளே ஒன்றுகூட இல்லாதபோது மட்டுமே மேலிருந்து வரிகள் இறங்கும். கண்ணுக்கு வரிகள் இருக்கின்றன, ஆனால் செயலிக்கு ஹெடர் போகவில்லை. ஒரு பகுதி ஓடுகிறது, மறுபகுதி வெளியே தள்ளுகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். எல்லா வரிகளையும் தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு லொகேஷனிலும் ‘இன்க்லூட்’ செய்வது என் வழக்கம்.

பெயரும் பாதையும்

ஊழியர்கள் ‘அலுவலகம்.உதாரணம்’ என்ற பெயரில் வருகிறார்கள் என்று கொள்வோம். என்ஜின்எக்ஸ் தானாக விட்டால், ஹோஸ்ட் ஹெடரில் அந்தப் பெயரை உள்ளே அனுப்பாமல், ‘புராக்ஸி_பாஸ்’ வரியில் எழுதிய முகவரியைத்தான் அனுப்பும். செயலி அதைப் பார்த்து, குக்கியின் ‘டொமைன்’ பண்பில் 127.0.0.1 என்றோ உள் சர்வரின் பெயரையோ எழுதினால், தான் இருக்கும் இடத்துக்குப் பொருந்தாத டொமைனைப் பிரவுசர் முழுவதுமாக நிராகரித்துவிடும். மேலே சொன்ன ஹோஸ்ட் வரி இதற்குத்தான். செயலியை மாற்ற முடியாத நிலையில் ‘புராக்ஸி_குக்கி_டொமைன்’ என்ற கட்டளையால் வெளியே போகும்போது திருத்தலாம். அப்பாச்சியில் இதற்கு இணை ‘புராக்ஸிபாஸ்ரிவர்ஸ்குக்கிடொமைன்’. என் பரிந்துரை, பல துணைப் பெயர்களுக்கு ஒரே லாகின் தேவைப்படாத வரை டொமைன் பண்பை எழுதவே வேண்டாம் என்பது. எழுதாவிட்டால், குக்கி கொடுத்த அதே பெயருக்கு மட்டும் அது திரும்பும், அதுவே பாதுகாப்பானது. அப்போது ‘டபிள்யு டபிள்யு டபிள்யு’ உள்ள பெயரும் இல்லாத பெயரும் இரு வேறு இடங்கள் என்பதால், ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிட வேண்டும்.

‘பாத்’ பண்பு சற்று நுட்பமானது. டாம்கேட் செயலி ஒன்று உள்ளே ‘/ஆப்’ என்ற பாதையில் ஓடுகிறது. வெளியே அதை ‘/கணக்கு’ என்று காட்டுகிறோம். செயலி கொடுக்கும் ஜேசெஷன்ஐடி என்ற செஷன் குக்கியில் பாத் ‘/ஆப்’ என்று இருக்கும். பிரவுசர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும், ஆனால் ‘/கணக்கு’ பக்கங்களைக் கேட்கும்போது ஒருபோதும் அனுப்பாது. இதற்கு ‘புராக்ஸி_குக்கி_பாத் /ஆப் /கணக்கு;’ என்ற ஒரு வரி போதும். பாத் பண்பே இல்லாமல் குக்கி வந்தால், அதைக் கொடுத்த பக்கத்தின் அடைவைப் பிரவுசர் பாதையாக எடுத்துக்கொள்ளும். ‘/உள்/லாகின்’ பக்கம் கொடுத்த குக்கி ‘/உள்’ என்ற பாதைக்குள் மட்டுமே செல்லும், முகப்புப் பக்கத்துக்கு வராது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் பாதையில் உண்டு.

வேறு தளத்திலிருந்து திரும்பி வரும்போது

பணம் கட்டும் தளத்துக்குப் போய்த் திரும்பியதும் லாகின் போய்விட்டது என்ற புகார் வந்தால், வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையில் குக்கி போகலாமா என்று சொல்லும் ‘சேம்சைட்’ பண்பைப் பாருங்கள். 2020 பிப்ரவரியில் வெளிவந்த குரோம் 80 முதல், இந்தப் பண்பு எழுதப்படாத குக்கியை ‘லாக்ஸ்’ என்று குரோம் கருதத் தொடங்கியது. லாக்ஸ் குக்கி, வேறு தளத்திலிருந்து இணைப்பைச் சொடுக்கி வந்தால் போகும். வேறு தளம் போஸ்ட் முறையில் படிவமாக அனுப்பினால் போகாது. ‘ஸ்டிரிக்ட்’ என்று எழுதியிருந்தால், மின்னஞ்சல் தளத்திலிருந்து இணைப்பைச் சொடுக்கி வந்தவருக்குக்கூட முதல் பக்கம் லாகின் இல்லாததாகத் தெரியும். பண்பு எழுதப்படாத குக்கிக்குக் குரோம் இரண்டு நிமிடச் சலுகை ஒன்று வைத்திருக்கிறது: வாங்கி இரண்டு நிமிடம் ஆகாத குக்கி அந்தப் போஸ்ட் கோரிக்கையிலும் போகும். நாம் அவசரமாகச் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, ஊழியர் நிதானமாகப் பணம் கட்டிவிட்டுத் திரும்பும்போது அறுவது இதனால்தான். வேறு வழியில்லாத இடத்தில் ‘சேம்சைட்=நன்’ எழுதலாம், கூடவே ‘செக்யூர்’ கட்டாயம்; செஷன் குக்கியை அப்படியே வைத்துவிட்டு, திரும்பி வரும் பக்கத்தைக் குக்கி தேவைப்படாத பக்கமாக அமைத்து, அங்கிருந்து உள்ளே திருப்பிவிடுவது இன்னும் நல்ல வழி.

குக்கி போகிறது, ஆனால் ஆள் தெரியவில்லை

இது ஆறாம் இடம். செயலியின் இரண்டு பிரதிகள் ஓடி, ஒவ்வொன்றும் தன் செஷன்களைத் தன் நினைவகத்திலேயே வைத்திருந்தால், முதல் பிரதி கொடுத்த எண் இரண்டாம் பிரதிக்கு அந்நியம். ஃபிளாஸ்க் போன்றவற்றில் செஷன் குக்கிக்குக் கையொப்பமிடும் ரகசியச் சாவியை, செயலி தொடங்கும்போதே தற்செயல் எண்ணாக உருவாக்கும்படி எழுதியிருந்தாலும் இதே விளைவுதான். ஒவ்வொரு வொர்க்கருக்கும் (செயலியின் ஓடும் ஒரு பிரதி) ஒரு சாவி, மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் எல்லோரும் வெளியே. சாவியை ஒரே இடத்தில் நிலையாக வையுங்கள், செஷன்களை ரெடிஸ் போன்ற பொதுச் சேமிப்புக்கு மாற்றுங்கள். ‘ஐபி_ஹேஷ்’ என்ற கட்டளையால் ஒருவரை எப்போதும் ஒரே பிரதிக்கு அனுப்புவது தற்காலிக ஆறுதல்தான்: அது ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே கணக்கில் எடுப்பதால், ஓர் அலுவலகத்தின் எல்லாக் கணினிகளும் ஒரே பிரதியின் தலையில் ஏறும்.

லாகின் செய்தவுடன் 502 (உள்ளிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) வந்தால் என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவைத் திறந்து, ‘அப்ஸ்ட்ரீம் சென்ட் டூ பிக் ஹெடர்’ என்று தொடங்கும் செய்தியைத் தேடுங்கள். செயலி தரும் ஹெடர்கள் ‘புராக்ஸி_பஃபர்_சைஸ்’ அளவான 4 அல்லது 8 கிலோபைட்டைத் தாண்டிவிட்டன என்று பொருள். அளவைக் கூட்டலாம், ஆனால் அவ்வளவு பெரிய குக்கிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது அதைவிட முக்கியம், ஏனெனில் தனி ஒரு குக்கிக்குப் பிரவுசர்கள் வைத்திருக்கும் வரம்பே சுமார் 4096 பைட்தான்.

கடிகாரத்தையும் ஒரு முறை பாருங்கள். பழைய கணினியைச் சர்வராக்கிய இடங்களில் தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்து, மின்சாரம் போய் வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். அப்போது குக்கியின் ‘எக்ஸ்பயர்ஸ்’ தேதி பிறக்கும்போதே கடந்துபோனதாக இருப்பதால் பிரவுசர் உடனே அதை அழித்துவிடக்கூடும். நேர ஒத்திசைவை இயக்குங்கள். ‘மேக்ஸ்-ஏஜ்’ பண்பும் இருந்தால் பிரவுசர் அதற்குத்தான் முதலிடம் தரும்.

இன்னொருவர் கணக்கு தெரிந்தால்

இதுவரை சொன்னவை வேலையைத் தடுக்கும் கோளாறுகள். இது அவற்றைவிட மோசமானது. ஒருவர் லாகின் செய்ததும் வேறொருவரின் பெயரும் விவரமும் தெரிகிறது என்று யாராவது சொன்னால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் புராக்ஸியின் கேஷை (பதில்களைச் சேமித்து வைத்து மறுபடி தரும் வசதி) நிறுத்துங்கள். ‘செட்-குக்கி’ உள்ள பதிலை என்ஜின்எக்ஸ் இயல்பாகச் சேமிக்காது. வேகம் வேண்டும் என்று யாரோ ‘புராக்ஸி_இக்னோர்_ஹெடர்ஸ்’ வரியில் செட்-குக்கியையும் சேர்த்திருந்தால், முதலாமவருக்குக் கொடுத்த குக்கி அடுத்து வரும் எல்லோருக்கும் போகும். செட்-குக்கி இல்லாத, ஆனால் ஒருவருக்கே உரிய பக்கங்களும் செயலி எதுவும் சொல்லாவிட்டால் சேமிக்கப்படலாம். லாகினுக்குப் பின் வரும் பக்கங்கள் அனைத்துக்கும் செயலியே ‘கேஷ்-கண்ட்ரோல்: பிரைவேட், நோ-ஸ்டோர்’ என்று சொல்லும்படி எழுதுங்கள். கேஷை நிறுத்திய பிறகு சேமித்ததை அழித்து, இருக்கும் செஷன்கள் எல்லாவற்றையும் ரத்து செய்து, நடந்ததை அலுவலகப் பொறுப்பாளரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பிறர் விவரத்தைப் பார்த்தவர் யார், யாருடையது போனது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

திருத்திய பிறகு

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ‘என்ஜின்எக்ஸ்’ கட்டளையைச் சிறிய ‘டி’ விருப்பத்தோடு ஓட்டிக் கோப்பில் எழுத்துப்பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு ரீலோட் செய்யுங்கள். சர்வரிலேயே உட்கார்ந்து லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் சோதித்து முடித்துவிடாதீர்கள்: குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் லோக்கல்ஹோஸ்டைப் பாதுகாப்பான இடமாகக் கருதி எச்டிடிபியிலேயே செக்யூர் குக்கியை ஏற்கும், 192.168 என்று தொடங்கும் முகவரிக்கு அந்தச் சலுகை இல்லை. ஊழியர் ஒருவரின் கணினியிலும், அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒரு கைப்பேசியிலும் லாகின் செய்யுங்கள். அரை மணி நேரம் விட்டு ஒரு சீட்டை அச்சடித்துப் பாருங்கள்.

தேடும்போது புராக்ஸியின் பதிவில் குக்கிகளை எழுதும்படி மாற்றியிருந்தால், அதை உடனே நீக்கி, எழுதப்பட்ட பதிவுகளையும் அழித்துவிடுங்கள். உயிரோடிருக்கும் செஷன் எண் என்பது கடவுச்சொல்லுக்குச் சமம். நிரந்தரமாக ஏதாவது தெரிய வேண்டும் என்றால், ‘மேப்’ கட்டளையால் குக்கி வந்திருந்தால் 1, வராவிட்டால் 0 என்று மட்டும் பதிவாகும்படி செய்யலாம். கடைசியாக, நீங்கள் சேர்த்த வரிக்கு மேலே கருத்துரையாகத் தேதியையும், ஊழியர் சொன்ன வாக்கியத்தையும், ஆறில் எந்த இடத்தில் குக்கி அறுந்தது என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்தச் சர்வரின் முன் உட்காரப்போவது வேறு ஒரு தம்பியாகவோ தங்கையாகவோ இருக்கலாம்.